வைஃபை அடாப்டரைச் செருகினால் சிடி டிரைவ் என்கிறது: ராஸ்பெர்ரி பை 4, டிரைவர் கம்பைல் ஆகவில்லை

கெடிலக்கரை (கடலூர் முதுநகர்) · ஞாயிறு இரவு 8.50

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 (கையளவுக் கணினிப் பலகை) இருக்கிறது. அதன் சொந்த வைஃபை ஹாட்ஸ்பாட்டாக ஓடுகிறது. மாலையில் பிள்ளைகள் வீட்டுக் கைப்பேசியைக் கொண்டுவந்து அதில் இணைத்து, கிவிக்ஸ் (இணையமில்லாமல் படிக்க உதவும் மென்பொருள்) வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும், வன்தட்டில் சேர்த்து வைத்திருக்கும் பாடநூல்களையும் படிப்பார்கள். இதற்கு இணையம் தேவையில்லை. புதிய கோப்புகளை இறக்க மட்டும், இரவு நேரத்தில் பக்கத்து வீட்டு ரூட்டரோடு இணைத்துக்கொள்வோம். அதற்காகத் தனியாக ஒரு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் செருகியிருந்தோம்.

பழைய அடாப்டர் உயிரை விட்டுவிட்டது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இன்று வேறொன்று வாங்கினேன். பெட்டியின் மேல் ‘ஏசி600, இரட்டை அலைவரிசை, லினக்ஸ் ஆதரவு உண்டு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. செருகினால் விளக்குகூட எரியவில்லை. மடிக்கணினியில் செருகினால் சிடி டிரைவ் ஒன்று திறந்து, அதற்குள் விண்டோஸ் நிறுவல் கோப்பு இருக்கிறது.

இணையத்தில் தேடி, அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளின் மூலநிரலை இறக்கி, அதை ஓடும் நிரலாக மாற்றி (கம்பைல் செய்து) பார்த்தேன். ‘6.1.21-வி8+ கர்னலுக்கான ஹெட்டர்கள் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடுகிறது. (கர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப்பகுதி, ஹெட்டர்கள் டிரைவரை உருவாக்கத் தேவைப்படும் கர்னலின் கோப்புகள் என்று படித்தேன்.) ஹெட்டர் தொகுப்பை நிறுவினால் ‘ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது’ என்கிறது. இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இல்லை என்று இன்னொருவர் சொல்ல, நடுவில் நான் நிற்கிறேன். சொன்ன கட்டளையைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்வேன். அதற்கு மேல் தெரியாது.

வேகவண்டி (நெல்லிக்குப்பம்) · ஞாயிறு இரவு 9.05

‘ஆர்பிஐ-அப்டேட்’ கட்டளையை ஓட்டுங்கள். புத்தம்புதிய கர்னல் வந்து இறங்கும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை.

உப்பளம்வாசி (புதுச்சேரி) · ஞாயிறு இரவு 9.20

அம்மா, அதை ஓட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டளை சோதனைநிலைக் கர்னலை இறக்குவதற்கானது. அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியதல்ல. அதை ஓட்டினால் கர்னல் ஒரு பதிப்பிலும் ஹெட்டர்கள் வேறொரு பதிப்பிலும் போய் நிற்கும். இப்போது இருக்கும் சிக்கலே அந்த வகைதான். தம்பி வேகவண்டி, தீப்பிடித்த வீட்டுக்குள் பெட்ரோல் பங்க் திறக்கச் சொல்லாதீர்கள்.

முதலில் இவற்றைச் சொல்லுங்கள். அடாப்டரைச் செருகிவிட்டு, யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளை காட்டும் வரிகள் என்ன? கர்னலின் பதிப்பையும் வகையையும் காட்டும் ‘யுநேம் -ஆர்’, ‘யுநேம் -எம்’ இரண்டும் என்ன சொல்கின்றன? பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நான் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. டிபி-லிங்க் டபிள்யுஎன்722என் என்று ஓர் அடாப்டர் உண்டு. அதன் முதல் பதிப்பில் ஏதெராஸ் ஏஆர்9271 சிப். செருகினால் லினக்ஸில் உடனே ஓடும். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188இயுஎஸ் சிப். அதற்கு முற்றிலும் வேறு டிரைவர். வெளியே அதே மாடல் எண்தான், உள்ளே இருப்பது வேறு ஆள். ஆகவே சிப் எது என்று தெரியாமல் டிரைவர் தேடுவது, ஊர் தெரியாமல் பஸ் ஏறுவதுதான்.

கெடிலக்கரை · ஞாயிறு இரவு 10.10

ஐயா, யுஎஸ்பி பட்டியலில் அடாப்டருக்கான வரி இது: ‘0பிடிஏ:1ஏ2பி ரியல்டெக் செமிகண்டக்டர், டிரைவர் சிடி-ராம் டிஸ்க்’.
‘யுநேம் -ஆர்’ தருவது 6.1.21-வி8+.
‘யுநேம் -எம்’ தருவது ஏஆர்ச்64.

உப்பளம்வாசி · ஞாயிறு இரவு 10.25

நல்லது. இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும், தனித்தனியாகப் பிரிப்போம்.

முதலாவது, இந்தச் சிடி விவகாரம். இந்த வகை அடாப்டர்களுக்குள் சிறிய நினைவகம் ஒன்று இருக்கிறது. அதில் விண்டோஸ் டிரைவரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். செருகியவுடன் அது ‘நான் ஒரு சிடி’ என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோஸ்காரர் அதிலிருந்து டிரைவரை நிறுவிய பிறகு வைஃபையாக வேடம் மாறும். 1ஏ2பி என்ற எண் அந்தச் சிடி வேடத்தின் எண். வேடம் கலைந்தால்தான் உண்மையான சிப் எண் தெரியும். ‘யுஎஸ்பி-மோடுஸ்விட்ச்’ தொகுப்பை நிறுவுங்கள். புதிய பதிப்பாக இருந்தால் செருகும்போதே தானாக மாற்றிவிடும். மாறவில்லையென்றால் ‘யுஎஸ்பி_மோடுஸ்விட்ச் -கே -டபிள்யு -வி 0பிடிஏ -பி 1ஏ2பி’ என்று கையால் ஓட்டுங்கள். இதில் -கே என்பது கேப்பிட்டல் கே, -டபிள்யு என்பது கேப்பிட்டல் டபிள்யு. மற்றவை சிறிய எழுத்துகள். பிறகு மறுபடி பட்டியலைப் பாருங்கள்.

இரண்டாவது சிக்கலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. ‘கெட்கான்ஃப் லாங்_பிட்’ என்று தட்டி (லாங், பிட் இரண்டும் கேப்பிட்டல்) வரும் எண்ணைச் சொல்லுங்கள். இந்த மெமரி கார்டு முதலிலிருந்தே இந்த பை 4-இல்தான் இருந்ததா?

அலைவாய் (தேவனாம்பட்டினம்) · திங்கள் காலை 6.40

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். முதுநகர் என்பதால் சொல்லத் தோன்றியது. நான் வெள்ளிக் கடற்கரைக்கு அருகில் மாடியில் ஒரு மழைமானியை பை பலகையில் இணைத்து வைத்திருக்கிறேன். பழைய அடாப்டர் ‘உயிரை விட்டது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது யுஎஸ்பி பட்டியலிலேயே வராமல் போனதா, அல்லது பட்டியலில் வந்தும் ஓடாமல் நின்றதா? பட்டியலிலேயே இல்லையென்றால் டிரைவரைத் தொடவே வேண்டாம். அது உலோகச் சிக்கல்.

என்னுடையது இப்படித்தான் விட்டுவிட்டுக் காணாமல் போகும். கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், செருகும் முனையில் நான்கு பித்தளைநிறப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஓரத்துப் பட்டை ஒன்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஓரத்துப் பட்டைகள்தான் மின்சாரம் வரும் பட்டைகள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலர்த்திச் செருகினேன்; வந்துவிட்டது. கடல்காற்று படும் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்துவிடுவது நல்லது. தண்ணீரும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது என் மழைமானி பாட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. அடாப்டர்தான் நடுவில் போய்விட்டது. அளவுகள் கார்டிலேயே பதிவாகியிருந்ததால் பிழைத்தேன். அதிலிருந்து எந்தத் தரவையும் வைஃபையை மட்டும் நம்பி அனுப்புவதில்லை.

கெடிலக்கரை · திங்கள் மாலை 7.15

அலைவாய் அண்ணா, பழையது பட்டியலிலேயே வரவில்லை. துடைத்தும் பார்த்தேன், வரவில்லை. அதற்கு இறுதிச் சடங்கு முடிந்துவிட்டது. அதன் சிப் ராலிங்க் ஆர்டி5370 என்று பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்.

உப்பளம்வாசி ஐயா, தொகுப்பை நிறுவிய பிறகும் தானாக மாறவில்லை. கையால் ஓட்டியவுடன் அடாப்டரில் நீல விளக்கு ஒரு முறை சிமிட்டியது. இப்போது பட்டியலில் 0பிடிஏ:சி811 என்று வருகிறது.

‘லாங்_பிட்’ தரும் எண் 32. கார்டு முன்பு எங்களிடம் இருந்த பை 3-இல் ஓடியது. பை 4 நன்கொடையாக வந்தபோது கார்டை அப்படியே எடுத்து இதில் போட்டோம். ஓஎஸ் பதிப்பு புல்ஸ்ஐ.

உப்பளம்வாசி · திங்கள் இரவு 8.00

சந்தேகம் உறுதியாகிவிட்டது. உங்கள் பலகையில் கர்னல் 64 பிட் (ஏஆர்ச்64 என்பதன் பொருள் அதுதான்). மற்ற அத்தனையும் 32 பிட். தலை ஓர் ஊர், உடல் ஓர் ஊர்.

இது நீங்கள் செய்த வினை அல்ல. 2023 வசந்தகாலத்தில் வந்த ஃபர்ம்வேர் (பலகையைக் கிளப்பும் உள்மென்பொருள்) மாற்றத்துக்குப் பிறகு, 32 பிட் ஓஎஸ் நிறுவியிருந்தாலும் பை 4 பலகை 64 பிட் கர்னலையே தேர்ந்தெடுத்து ஏற்றுகிறது. பை 3-இல் இருந்தவரை அதே கார்டு 32 பிட் கர்னலோடுதான் ஓடியிருக்கும். பலகை மாறியதும் கர்னலும் சத்தமில்லாமல் மாறிவிட்டது. படிப்பகத்தின் மற்ற மென்பொருள்களுக்கு இதனால் ஒரு கேடும் இல்லை. 64 பிட் கர்னல் மேல் 32 பிட் நிரல்கள் நன்றாகவே ஓடும். டிரைவரைக் கம்பைல் செய்யும்போதுதான் குட்டு உடைகிறது. 32 பிட் களஞ்சியத்திலிருந்து வரும் ஹெட்டர் தொகுப்பில் வி7எல்+, அதாவது 32 பிட் கர்னலுக்கான ஹெட்டர்கள் இருக்கின்றன. வி8+, அதாவது 64 பிட் கர்னலுக்கானவை இல்லை. ஆகவே ‘நிறுவப்பட்டுள்ளது’ என்பதும் உண்மை, ‘கிடைக்கவில்லை’ என்பதும் உண்மை. ஹெட்டர்களை எங்கிருந்தோ இழுத்துவந்து போட்டாலும், உங்களிடம் இருக்கும் 32 பிட் கம்பைலருக்கு 64 பிட் கர்னலுக்கான டிரைவரை உருவாக்கத் தெரியாது.

பழைய அடாப்டர் இருந்தவரை இது வெளியே தெரியாததற்கும் காரணம் உண்டு. ஆர்டி5370 சிப்புக்கான ‘ஆர்டி2800யுஎஸ்பி’ டிரைவர் கர்னலோடு சேர்ந்தே வருவது. கர்னல் 32 ஆனாலும் 64 ஆனாலும் டிரைவரும் கூடவே வந்துவிடும். சி811 என்பது ரியல்டெக் 8811சியு சிப். 8821சியு என்ற டிரைவர்தான் இதற்கும். கர்னலுக்குள் இதன் யுஎஸ்பி ஆதரவு 6.2 பதிப்பில்தான் வந்தது. உங்களுடையது 6.1. ஒரு படி குறைகிறது.

என் யோசனை: கார்டைத் துடைத்துவிட்டு, புல்ஸ்ஐக்கு அடுத்த பதிப்பான புக்வார்ம் ஓஎஸ்ஸை 64 பிட்டில் போடுங்கள். அதன் இப்போதைய கர்னல் 6.2-ஐத் தாண்டியது. டிரைவர் உள்ளேயே இருக்கும். கம்பைல் என்ற பேச்சே வராது.

மின்பொறி (வில்லியனூர்) · திங்கள் இரவு 8.45

உப்பளம்வாசி ஐயா நோய்நாடியது சரி. மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

படிப்பகத்தில் ஹாட்ஸ்பாட் ‘ஹோஸ்ட்ஏபிடி’ கொண்டு அமைத்திருப்பார்கள். ஐபி முகவரி ‘டிஹெச்சிபிசிடி’ அமைப்புக் கோப்பில் இருக்கும். புக்வார்ம் வந்த 2023 அக்டோபரிலிருந்து ராஸ்பெர்ரி பை ஓஎஸ் நெட்வொர்க்மேனேஜர் என்ற வேறு இணைப்பு மென்பொருளுக்கு மாறிவிட்டது. பழைய கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டால் வேலை செய்யாது. ஹாட்ஸ்பாட்டை அடியிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். தேர்வுக்காலம் வேறு. ஓர் அடாப்டருக்காக ஓடிக்கொண்டிருக்கும் படிப்பகத்தை நிறுத்த வேண்டுமா?

எளிய வழி இருக்கிறது. ‘பூட்’ அடைவில் இருக்கும் ‘கான்ஃபிக்.டிஎக்ஸ்டி’ கோப்பின் கடைசியில் ‘ஆர்ம்_64பிட்=0’ என்று ஒரு வரி சேர்த்து மறுதொடக்கம் செய்யுங்கள் அக்கா. பலகை 32 பிட் கர்னலை ஏற்றும். ‘யுநேம் -ஆர்’ இப்போது 6.1.21-வி7எல்+ என்று காட்ட வேண்டும். காட்டினால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஹெட்டர்களே போதும். பிறகு டிரைவரை நேரடியாகக் கம்பைல் செய்யாமல் ‘டிகேஎம்எஸ்’ வழியாக நிறுவுங்கள். நாளை கர்னல் மேம்பட்டாலும் டிகேஎம்எஸ் தானே டிரைவரை மறுபடி உருவாக்கிக்கொள்ளும். கையால் நிறுவினால் ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் வைஃபை போய்விடும். நீங்கள் மறுபடி இங்கே வந்து புதிய இழை தொடங்குவீர்கள்.

ஒன்று மட்டும் சரிபாருங்கள்: இறக்கும் மூலநிரல் 8821சியு சிப்புக்கானதா, அண்மையில் யாராவது பராமரித்திருக்கிறார்களா? கிட்ஹப்பில் ஒரே பெயரில் பத்துப் பிரதிகள் கிடக்கும். கடைசி மாற்றம் 2019 என்றிருப்பதை எடுத்தால் 6.1 கர்னலில் கம்பைல் ஆகாது. 8821ஏயு என்று ஒன்று உண்டு. பெயர் ஒட்டினாற்போல இருந்தாலும் அது வேறு சிப்.

உப்பளம்வாசி · திங்கள் இரவு 9.10

தேர்வுக்காலம் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் இது ஒத்திவைப்புதான், தீர்வு அல்ல. கர்னலுக்கு வெளியே இருக்கும் டிரைவரை வைத்துக்கொள்வது வாடகை வீடு. உரிமையாளர் பராமரிப்பை நிறுத்தினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று: பிறகு எப்போதாவது 6.2-க்கு மேற்பட்ட கர்னலுக்குப் போனால், உள்ளே இருக்கும் ‘ஆர்டிடபிள்யு88_8821சியு’ டிரைவரும் வெளியிலிருந்து நிறுவிய டிரைவரும் ஒரே அடாப்டருக்குப் போட்டியிடும். அப்போது ஒன்றைத் தடைப்பட்டியலில் போட்டாக வேண்டும், அல்லது வெளி டிரைவரை நீக்க வேண்டும். அந்த நாளில் இதை நினைவில் வையுங்கள்.

கெடிலக்கரை · செவ்வாய் இரவு 9.30

மின்பொறி தம்பி சொன்ன வழியில் போனேன். மறுதொடக்கம் செய்தவுடன் வி7எல்+ வந்துவிட்டது. டிகேஎம்எஸ் கம்பைல் முடிய ஒரு தேநீர் போட்டுக் குடிக்கும் நேரம் ஆனது. இந்த முறை ஒரு சிவப்பு வரிகூட இல்லை. ‘டபிள்யுலேன்1’ என்று புதிய வைஃபை இடைமுகம் வந்தது; பக்கத்து வீட்டு ரூட்டரில் இணைந்தது. இரண்டு பேருக்கும் நன்றி.

ஆனால் இன்று மாலை படிப்பகம் திறந்தபோது ஹாட்ஸ்பாட்டின் பெயர் பிள்ளைகளின் கைப்பேசியில் மிக மங்கலாக, ஒரே ஒரு கோடு மட்டும் தெரிந்தது. உள்வைஃபை பக்கத்து வீட்டு ரூட்டரைத் தேடிக்கொண்டிருந்தது. மறுபடி மறுதொடக்கம் செய்தேன், சரியாகிவிட்டது. பிறகு ஒரு முறை மின்சாரம் போய் வந்தது, மறுபடி மாறிவிட்டது. பேய் பிடித்த வீடு போல இருக்கிறது.

மின்பொறி · செவ்வாய் இரவு 10.00

பேய் இல்லை அக்கா, பெயர்க் குழப்பம். எந்த அடாப்டர் முதலில் எழுந்திருக்கிறதோ அதற்கு டபிள்யுலேன்0 என்ற பெயர் போகிறது; அடுத்ததற்கு 1. உங்கள் ஹோஸ்ட்ஏபிடி கோப்பில் டபிள்யுலேன்0 என்று எழுதியிருக்கும். எனவே சில நாள் உள்வைஃபை ஹாட்ஸ்பாட்டாகிறது, சில நாள் சந்தை அடாப்டர் ஆகிறது.

‘ராஸ்பி-கான்ஃபிக்’ திறந்து, அட்வான்ஸ்டு பகுதியில் நெட்வொர்க் இடைமுகப் பெயர்கள் பற்றிய தேர்வை ‘ஆம்’ என்று வையுங்கள். யுஎஸ்பி அடாப்டருக்கு ‘டபிள்யுஎல்எக்ஸ்’ என்று தொடங்கி அதன் மேக் முகவரியோடு (அந்தக் கருவிக்கே உரிய எண்) முடியும் நீண்ட பெயர் ஒன்று கிடைக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எந்தத் துளையில் செருகினாலும் மாறாது. உள்வைஃபை டபிள்யுலேன்0 ஆகவே இருந்துவிடும். ரூட்டர் இணைப்புக்கான அமைப்பில் மட்டும் புதிய பெயரைப் போடுங்கள்.

மாடித்தோட்டம் (லாஸ்பேட்டை) · புதன் காலை 7.20

எனக்கும் இதே சிக்கல்தான். பை ஜீரோ 2 டபிள்யு. வீட்டு வைஃபை பெயர் கைப்பேசியில் தெரிகிறது, பலகையில் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுடையது எல்லாம் தெரிகிறது. நானும் ஆர்ம்_64பிட்=0 போட வேண்டுமா?

உப்பளம்வாசி · புதன் காலை 7.45

போடாதீர்கள். அது இதே சிக்கல் அல்ல. உங்களுக்கு டிரைவர் ஓடுகிறது. ஓடாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெயர் எப்படித் தெரியும்?

இந்த இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். எங்கே நிற்கிறது என்று பார்த்தால் எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும். யுஎஸ்பி பட்டியலில் அடாப்டரே வரவில்லையென்றால் முனை, கேபிள், மின்சாரம். பட்டியலில் வந்தும் வைஃபை இடைமுகம் உருவாகவில்லையென்றால்தான் டிரைவர் அல்லது ஃபர்ம்வேர். ‘டிமெசேஜ்’ பதிவைப் பார்த்தால் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். இடைமுகம் இருந்தும் எந்தப் பெயரும் தெரியவில்லையென்றால் வைஃபையைப் பூட்டித் திறக்கும் ‘ஆர்எஃப்கில்’ தடுத்திருக்கும். பை பலகைகளில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும்வரை வைஃபை பூட்டியே கிடக்கும். பெயர் தெரிந்தும் இணையவில்லையென்றால் கடவுச்சொல். அது சரியென்றால், ரூட்டரைத் தேடும்போது நெட்வொர்க்மேனேஜர் போலி மேக் முகவரி காட்டுவதை நிறுத்திப் பாருங்கள், சில ரியல்டெக் அடாப்டர்களுக்கு அது ஒவ்வாது. இணைந்து இணைந்து அறுந்தால் பெரும்பாலும் மின்சாரம் அல்லது மின்சேமிப்பு அமைப்பு.

உங்களுக்கு ஒரே ஒரு பெயர் மட்டும் தெரியவில்லை. ஜீரோ 2 டபிள்யு பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறதா? இல்லையென்றால் எந்தச் சேனலில் ஓடுகிறது? ‘ஐடபிள்யு ரெக் கெட்’ எந்த நாட்டைக் காட்டுகிறது?

வேகவண்டி · புதன் காலை 9.00

ஐயா, மேலே எழுதியதை யாராவது தனிப் பதிவாக ஒட்டி வைத்தால் நன்றாக இருக்கும். என்னைப் போன்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் அதைப் படித்துக்கொள்ளலாம்.

கெடிலக்கரை · வியாழன் இரவு 10.40

பெயர்க் குழப்பம் தீர்ந்தது. ஹாட்ஸ்பாட் இப்போது இடம் மாறுவதில்லை.

அடுத்தது வந்துவிட்டது. இரவு கோப்பு இறங்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அடாப்டர் அறுந்துவிடுகிறது. சின்னக் கோப்பு என்றால் அறுவதில்லை. கிவிக்ஸின் பெரிய கோப்பு வன்தட்டில் எழுதப்படும்போதுதான். டிமெசேஜில் ‘அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்’ என்று ஒரு வரி, உடனே ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று ஒரு வரி. அதன் பிறகு அடாப்டர் மறுபடியும் 1ஏ2பி, அதாவது சிடியாகத் திரும்பி வருகிறது! நான் எழுந்துபோய் வேடத்தைக் கலைக்க வேண்டியிருக்கிறது.

அலைவாய் · வெள்ளி காலை 6.30

எந்த சார்ஜர் போட்டிருக்கிறீர்கள் தங்கையே?

கெடிலக்கரை · வெள்ளி காலை 8.10

கைப்பேசி சார்ஜர்தான் அண்ணா. 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. கேபிள் கொஞ்சம் நீளமானது, ஏனெனில் பிளக் சுவரின் மறுபக்கம் இருக்கிறது.

அலைவாய் · வெள்ளி காலை 8.30

அப்படியானால் அடாப்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தர வேண்டும். அதன் நான்கு யுஎஸ்பி துளைகளும் சேர்ந்து அதிகபட்சம் 1.2 ஆம்பியர்தான் தரும். கையடக்க வன்தட்டு எழுதும்போது ஒன்றே 0.9 வரை இழுக்கலாம். உங்கள் சார்ஜரின் 2 ஆம்பியரில் மீதியை வைத்துத்தான் ஹாட்ஸ்பாட், அடாப்டர், பலகை எல்லாம் பிழைக்க வேண்டும். மெல்லிய நீளக் கேபிளில் வோல்டேஜ் வேறு இறங்கிவிடும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகை அந்த எச்சரிக்கையைத் தரும்.

‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு’ ஓட்டிப் பாருங்கள். 0எக்ஸ்0 வந்தால் நலம். 0எக்ஸ்50000 என்று வந்தால், இப்போது சரியாக இருந்தாலும் பலகை கிளம்பியதிலிருந்து எப்போதோ மின்சாரம் குறைந்து, வேகமும் குறைக்கப்பட்டது என்று பொருள்.

நல்ல 3 ஆம்பியர் சார்ஜர், குட்டைக் கேபிள். முடிந்தால் வன்தட்டுக்குத் தனி மின்சாரம் உள்ள ஹப். இவற்றுக்குப் பிறகும் அறுந்தால் பேசுவோம்.

மின்பொறி · வெள்ளி காலை 9.15

அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வன்தட்டு நீலத் துளையில் இருக்கிறதா, அடாப்டரும் அதற்குப் பக்கத்து நீலத் துளையிலா? யுஎஸ்பி 3 இணைப்பு வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அடாப்டரைக் கறுப்பு யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றி, ஒரு சாண் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். பக்கத்து வீட்டு ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் இன்னும் நல்லது; உங்கள் 8811சியு சிப்புக்கு அதுவும் தெரியும். அப்போது ஹாட்ஸ்பாட் 2.4-இல், இறக்கம் 5-இல் என்று இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் போகும்.

அது சிடியாகத் திரும்புவதற்கு: மின்சாரம் அறுந்து வந்தால் புதிதாகச் செருகியதாகவே அது நினைத்துக்கொள்கிறது. நீங்கள் கையால் ஓட்டும் அந்தக் கட்டளையை, கருவி தென்பட்டவுடன் ஓடும் ‘யுடெவ்’ விதியாக எழுதி வைத்தால், 1ஏ2பி தலைகாட்டியவுடன் தானாக ஓடிவிடும். மின்சாரத்தைச் சரிசெய்த பிறகும் இதைப் போட்டு வையுங்கள். உங்கள் பக்கம் மின்வெட்டு இல்லாத மழைக்காலம் ஏது?

மாடித்தோட்டம் · வெள்ளி மாலை 6.00

உப்பளம்வாசி ஐயா, ரூட்டர் 2.4-இல்தான் ஓடுகிறது, சேனல் 13. ‘அதில் யாரும் இல்லை, நெரிசல் இருக்காது’ என்று தம்பி மாற்றி வைத்திருக்கிறான். பலகையில் நாடு ‘யுஎஸ்’ என்று காட்டுகிறது.

உப்பளம்வாசி · வெள்ளி மாலை 6.20

இரண்டும் சேர்ந்துதான் கண்ணைக் கட்டியிருக்கின்றன. அமெரிக்க விதிப்படி அமைந்த பலகை 1 முதல் 11 வரைதான் பார்க்கும். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. ராஸ்பி-கான்ஃபிக்கில் வைஃபை நாட்டை இந்தியா என்று மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள்.

கெடிலக்கரை · ஞாயிறு மாலை 5.30

3 ஆம்பியர் சார்ஜர் வாங்கியாயிற்று. பிளக்கைச் சுவரின் இந்தப் பக்கம் கொண்டுவர மின்பணியாளரை அழைத்து, கேபிளைக் குட்டையாக்கினோம். அடாப்டர் கறுப்புத் துளையில், நீட்டிப்புக் கேபிளில் ஜன்னல் கம்பியோடு கட்டியிருக்கிறது. நேற்று இரவு முழு விக்கிப்பீடியா கோப்பும் அறுபடாமல் இறங்கியது. த்ராட்டில்டு எண் 0எக்ஸ்0. யுடெவ் விதியும் போட்டுவிட்டேன். பலகைக்கு மின்சாரத்தை நிறுத்திப் போட்டும் பார்த்தேன்; சிடி வேடம் தானாகக் கலைகிறது.

தேர்வுகள் முடிந்த பிறகு 64 பிட் ஓஎஸ் போடலாம் என்று குழுவில் பேசியிருக்கிறோம். பழைய கார்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வேறு கார்டில்தான் போடுவோம். கடைசியாக ஒரு கேள்வி: இன்னொரு படிப்பகத்துக்கும் இதே அமைப்பைக் கேட்கிறார்கள். அடாப்டர் எதை வாங்கச் சொல்வது?

உப்பளம்வாசி · ஞாயிறு மாலை 6.10

மீடியாடெக் எம்டி7612யு அல்லது எம்டி7610யு சிப் உள்ளது எதுவானாலும் சரி. இரண்டுக்குமான டிரைவர் 2018-இல் வந்த 4.19 கர்னலிலிருந்தே உள்ளே இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டாமென்றால் எம்டி7601யு மலிவு. அது இன்னும் பழைய 4.2 கர்னலிலிருந்து இருக்கிறது. உங்கள் பழைய ஆர்டி5370 எங்காவது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பெட்டியில் சிப் பெயர் இருக்காது. சந்தையில் வாங்குவதானால் கைப்பேசியோடு ஓடிஜி கேபிள் ஒன்றைக் கொண்டுபோய், கடையிலேயே செருகி யுஎஸ்பி எண்ணைக் காட்டும் செயலியில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 148எஃப் அல்லது 0இ8டி என்று தொடங்கினால் பெரும்பாலும் ராலிங்க் அல்லது மீடியாடெக். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

மாடித்தோட்டம் · ஞாயிறு இரவு 7.40

நாட்டை மாற்றினேன், வீட்டு வைஃபை தெரிகிறது, இணைந்தும் விட்டது. நன்றி ஐயா. சேனலை 13-லேயே விட்டுவிடலாமா?

உப்பளம்வாசி · ஞாயிறு இரவு 7.55

வேண்டாம். 1, 6, 11 மூன்றில் எது காலியாக இருக்கிறதோ அதற்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாளை உறவினர் யாராவது வெளிநாட்டிலிருந்து கைப்பேசியோடு வந்து, ‘உங்கள் வீட்டில் வைஃபையே இல்லையா’ என்று கேட்பார்.